மர்ம மலைக்கு ஒன்றரை மார்க்

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க சார். யாரோ ஒரு பாவி எங்கப்பாவுக்கு ஒன்றரை மார்க் போட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டே பிசியோ டாக்டர் தன் முழங்கையை அரைமார்க்கு என்ற அந்த நோயாளியின் இடுப்பில் ஊன்றினாள்.

அவர் இழுத்த மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. குப்புறப் படுத்திருந்ததால் அவர் முகம் மாறியதை அவள் பார்க்கவில்லை. கட்டிலில் முகம் வைப்பதற்கென்று இருந்த ஓட்டை வழியாகத் தரைதான் பார்த்தது.

"எ... எதுக்கு மார்க்கு?"

"எங்கப்பா அந்தக் காலத்துல டிவி மல்யுத்தத்துல இருந்தவர் சார். மர்ம மலைன்னு பேரு. கழுத்துலேருந்து கால்வரைக்கும் கறுப்பு உடுப்பு, மூஞ்சிக்கு முகமூடி. முப்பத்தி நாலு வருஷத்துக்கு முந்தின ஆட்டத்தை இப்ப உட்கார்ந்து பார்த்து, பத்துக்கு ஒன்றரை போட்டிருக்கான் ஒருத்தன். அவன் பேரு மூணாவது நடுவராம். மூஞ்சியைக் காட்ட தைரியம் இல்லாதவன்."

மூணாவது நடுவர் அவளுடைய முழங்கைக்கு அடியில்தான் கிடந்தார்.

அரைமார்க்கு என்பது அவருக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர். தண்ணீர்க் குழாய் செய்யும் இடத்தில் முப்பத்தோரு வருஷம் தரம் பார்த்தவர். எவ்வளவு நல்ல குழாயாக இருந்தாலும் அரை மார்க்காவது குறைக்காமல் விடமாட்டார். மகன் பிறந்தபோது நர்ஸ் கொண்டுவந்து காட்ட, "ஒரு காது லேசா மடங்கியிருக்கே" என்று சொன்ன மகானுபாவர்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம், கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நாலு மாசம் படுத்த படுக்கை. அந்த நாலு மாசத்தில் அவரைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, வாரம் மூன்று நாள் வந்து இடுப்பைப் பிசைந்து கடைசியில் எழுப்பி நடக்கவைத்த இந்தப் பெண். இன்னொன்று, இளம் வயதில் சனிக்கிழமை தவறாமல் பார்த்த மல்யுத்த நிகழ்ச்சி. யாரோ புண்ணியவான் பழைய கேசட்டுகளையெல்லாம் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றியிருந்தான். முதல் நாள் முதல் ஆட்டம் தொடங்கியபோது அரைமார்க்கு அழுதேவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷப்பட்டவர் சும்மா இருந்திருக்கலாம். கை அரித்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விமர்சனம் எழுதி மார்க் போட ஆரம்பித்துவிட்டார். மர்ம மலையின் அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதியது அவருக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது.

'மர்ம மலை இன்று மலை அல்ல, மண்மேடு. குத்த வரும் எதிராளியின் காதைப் பிடித்துத் திருகுகிறார். விழுவதற்கு முன் தரை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். மூன்று எண்ணுவதற்குள் எழவேண்டியவர், படுத்தபடியே ரெஃப்ரியிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற வாரங்களில் சிங்கமாக நின்ற மனிதருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. காது திருகலுக்காக மட்டும் ஒன்றரை.'

"மத்த ஆட்டத்துக்கெல்லாம் நல்லா போட்டிருப்பானே?" என்றார் ஓட்டையிடம்.

"ஏழு, எட்டுன்னு போட்டிருக்கான். அப்பா அதையெல்லாம் கண்டுக்கவே இல்ல. இந்த ஒன்றரையை மட்டும் பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுத் திரியறார். சாப்பிட உட்கார்ந்தா தட்டுப் பக்கத்துல விரிச்சுவச்சுச் சத்தமா படிக்கிறார். அம்மா பாதியில எழுந்து போயிடறாங்க. பாவம், அவங்களால தாங்க முடியல."

அரைமார்க்குக்கு இடுப்பு வலி போய் நெஞ்சு வலி வந்தது. தன்னைக் கூப்பிட்டு நிறுத்திச் செருப்பால் அடித்தாலும் தகும் என்று தோன்றியது. தன்னை எழுப்பி உட்காரவைத்த பெண்ணின் அப்பாவைத் தான் படுக்கவைத்துவிட்டோமே. அதைவிட, அந்த மர்ம மலைதானே நாலு மாசமாகப் படுக்கைக்கே வந்து துணை இருந்தவர்?

வீட்டுக்குப் போன கையோடு கணினியைத் திறந்து ஒன்றரையை நாலரை ஆக்கினார். மூன்று மார்க் ஒரே மூச்சில் கூட்டியது அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவை. நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த முறை போனபோது டாக்டரின் முகம் தொங்கிக் கிடந்தது.

"அந்த ஆளு மார்க்கை மாத்திட்டான் சார். நாலரையாம்."

"நல்லதுதானே?"

"எங்க நல்லது? அப்பா அதைப் பார்த்ததும் பேச்சையே நிறுத்திட்டார். ராத்திரி சாப்பிடல. பரிதாபப்பட்டுப் பிச்சை போட்ட மாதிரி நினைச்சிட்டார் போல."

அரைமார்க்கு யோசித்தார். உண்மைதான். நாலரை என்பது மார்க்கா என்ன? குழாயாக இருந்தால் அவரே குப்பையில் போட்டிருப்பார். செய்வன திருந்தச் செய் என்று முடிவெடுத்து, அன்றே ஒன்பது போட்டார். கூடவே இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்தும் எழுதினார். காது திருகலில் ஒரு தாயின் கண்டிப்பு தெரிகிறது என்றார். தரையைப் பார்த்து விழுந்தது கலையின் உச்சம் என்றார். எழுதி முடித்ததைத் திரும்பப் படிக்காமலேயே கணினியை மூடினார்.

"படுத்துட்டார் சார்" என்றாள் டாக்டர் அடுத்த முறை.

"யாரு?"

"அப்பாதான். ஒன்பதைப் பார்த்ததும் போய்ப் படுத்தவர்தான், சுவரைப் பார்த்துக்கிட்டே கிடக்கார். அம்மாதான் பக்கத்துல உட்கார்ந்து அந்தப் புகழ்ச்சியை மூணு வேளையும் படிச்சுக் காட்டித் தேத்தறாங்க. படிக்கப் படிக்க அவர் போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கறார். அம்மா விடாம குரலை ஒசத்திப் படிக்கிறாங்க. அப்படி ஒரு பொறுமைசாலி சார் அவங்க."

புகழ்ந்தாலும் தப்பு, இகழ்ந்தாலும் தப்பு என்றால் மனுஷன் என்னதான் செய்வான்? ஆணி வேரையே பிடுங்கிவிடலாம் என்று அரைமார்க்கு அந்தப் பக்கத்தையே அழித்துவிட்டார். இனிமேல் ஒன்றரையும் இல்லை, ஒன்பதும் இல்லை.

அடுத்த முறை டாக்டர் அவருடைய வலது காலுக்குப் பதிலாக இடது காலைப் பிடித்து மடக்கினாள்.

"டாக்டரம்மா, இது நல்ல கால்."

"மன்னிச்சுக்கோங்க சார். எனக்குக் கை ஓடல. அந்த ஆளு எழுதினதையே அழிச்சுட்டான். இதுவரைக்கும் அப்பா மட்டும்தான் சாப்பிடல. இப்ப அம்மாவும் சாப்பிடறதில்ல. ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதும் இல்ல. நாப்பது வருஷமா ஒண்ணா இருக்கறவங்க சார்." அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க இந்தப் பழைய மல்யுத்தமெல்லாம் பார்க்கறவர்தானே. எப்படியாவது அந்த மூணாவது நடுவரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க சார். வேற யார்கிட்ட கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

"பார்க்கறேம்மா" என்றார் ஓட்டைக்குள்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்றது? அவளுடைய முழங்கை என் முதுகுத்தண்டுமேல இருந்துச்சு."

"இப்ப இல்லையே."

"அவங்கப்பா மல்யுத்தக்காரர்."

"அந்தப் பொண்ணு இல்லேன்னா நீங்க இன்னிக்குக் குனிஞ்சு இந்த ஷூவோட கயித்தைக் கட்டியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப அதைக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் பேச்சில் அரை மார்க் குறைக்க அவருக்கு இடம் கிடைத்ததே இல்லை. ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த அம்மா நிலைவாசல் உயரம் இருந்தார். ஆப்பிளை வாங்கிக்கொண்டு, உள்ளே வாங்க என்பதுபோல் தலையை அசைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

கூடத்தில் நாற்காலி நிறைய மர்ம மலை உட்கார்ந்திருந்தார். நரைத்த மலை. ஒரு வாரத் தாடி. மடியில் கசங்கிய காகிதம். பக்கத்தில் நின்ற டாக்டர் அரைமார்க்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"அப்பா, நான் சொன்னேனே, அந்த சார். ரொம்ப நல்லவர். சார், அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

அரைமார்க்கு கதவுக்கும் தனக்கும் எத்தனை அடி என்று ஒருமுறை கணக்குப் போட்டுக்கொண்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான்தாம்மா."

"எது நீங்க?"

"மூணாவது நடுவர். ஒன்றரை போட்டதும் நான்தான். மாத்தினதும் அழிச்சதும் நான்தான். நீ உயிர் குடுத்த இடுப்பை வச்சுக்கிட்டு உட்கார்ந்துதான் அதையெல்லாம் எழுதினேன்."

டாக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "நீங்களா சார்?" என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது. அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஐயா" என்று பெரியவர் பக்கம் திரும்பினார் அரைமார்க்கு. "நாலு மாசம் நான் படுத்துக் கிடந்தப்ப நீங்கதான் எனக்குத் துணை. உங்க ஆட்டம் ஒவ்வொண்ணையும் மூணு தடவை பார்த்தேன். அந்த நன்றியைச் சொல்லாம, ஒரு மோசமான நாளைப் பிடிச்சுக்கிட்டுக் குத்தம் எழுதிட்டேன். அடிச்சாலும் வாங்கிக்கறேன். இடுப்புல மட்டும் வேண்டாம், அது உங்க பொண்ணோட உழைப்பு."

பெரியவர் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். கூரைவரை எழுந்துவிடுவாரோ என்று அரைமார்க்கு கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பெரிய கைகள் அவரைச் சுற்றி இறுக்கின. முதுகில் எங்கோ சடக்கென்று ஒரு சத்தம். நாலு மாசமாக மிச்சமிருந்த கடைசிப் பிடிப்பும் விட்டுப்போயிற்று.

பெரியவர் அழுதுகொண்டிருந்தார்.

"தெய்வம் மாதிரி வந்திருக்கீங்க. முப்பத்தி நாலு வருஷமா நான் தலையில அடிச்சுக்கிட்டு ஒத்தையா சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு ஆளுகூட என் பக்கம் பேசல. உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் நியாயமா மார்க் போட்டீங்க. அப்புறம் ஏன் சார் கூட்டினீங்க? ஏன் அழிச்சீங்க? எனக்குன்னு இருந்த ஒரே சாட்சி அது."

அரைமார்க்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என்ன சாட்சி ஐயா?"

"அந்த ஆட்டம் படு மோசம்கறதுக்கு."

"உங்க ஆட்டத்தை நீங்களே படு மோசம்னு சொல்றீங்களா?"

பெரியவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். டாக்டரும் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அம்மா ஆப்பிளை நறுக்கி ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தார். அரைமார்க்குக்கு எதிரே இருந்த சின்ன மேஜைமேல் அதைக் கொஞ்சம் பலமாகவே வைத்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"நூத்திமூணு காய்ச்சல்ல பிதற்றிக்கிட்டுக் கிடந்த மனுஷனுக்கு வேலை போயிடக்கூடாதேன்னு, அன்னிக்கு அந்த முகமூடியை மாட்டிக்கிட்டு மேடை ஏறினது நான்தான் சார். இப்ப என் மூஞ்சியை நேராப் பார்த்துச் சொல்லுங்க, ஒன்றரைதானா?"