டிபன் சாரும் ஐந்து ஈக்களும்

கிள்ளான் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளில், கோழிகளுக்கு அடுத்தபடி அதிக வேளை சாப்பிட்டவர் டிபன் சார்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர் நகராண்மைக் கழகத்துச் சுகாதார அதிகாரி. பண்ணைக்கு வந்து எரு, ஈ, வாடை எல்லாம் பார்த்து, லைசென்ஸ் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது அவர் வேலை. பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்டவர் யாரும் இல்லை. மூன்றடுக்கு டிபன் கேரியர் இல்லாமல் அவரை ஒருவரும் பார்த்ததில்லை. அதனால் டிபன் சார்.

யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ். பஸ்ஸில்தான் வருவார். ஏறும்போதே பூட்ஸ் போட்டிருப்பார். "எந்த ஊர்ல சார் வெள்ளம்?" என்று கண்டக்டர் கேட்பாராம். சார் டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டுவாராம்.

மற்ற அதிகாரிகள் கேட்டிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதிவிட்டுப் போவார்கள். இவர் நேரே எருக்குவியலுக்குப் போவார். அங்கிருந்து ஐந்து எட்டு நடந்து அளப்பார். மடக்கு நாற்காலியை விரிப்பார். கேரியரைத் திறப்பார். சோறு, தேங்காய்ப்பால் சொதி, பழுத்த அன்னாசி ஒரு துண்டு. எல்லாப் பண்ணையிலும் அதே சாப்பாடு. மாற்றினால் கணக்கு மாறிவிடுமாம். அரை மணி நேரம் வலது கையால் சாப்பிடுவார். சாப்பாட்டில் உட்காரும் ஈக்கு, இடது கையால் நோட்டில் ஒரு கோடு போடுவார். ஐந்து ஈ வரை பொறுப்பார். ஆறாவது வந்தால் மூடியைப் போட்டு எழுந்துவிடுவார். அந்தப் பண்ணை பெயில்.

ஒரு பண்ணையின் சீன முதலாளி, தவுக்கே, சார் சாப்பிட மேசை போட்டு, பக்கத்தில் ஃபேனும் வைத்தாராம். சார் போய் சுவிட்சை அணைத்தாராம். "ஈக்கு லீவு குடுக்கிறீரோ?" என்றாராம்.

இன்னொரு பண்ணையில் மழை. குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டே சாப்பிட்டார். கூட்டிலிருந்து தப்பிய கோழி ஒன்று மடியில் ஏறி அன்னாசியைக் கொத்திவிட்டது. சார் விரட்டவில்லை. "ஈ மூன்று, கோழி ஒன்று" என்று எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் என் பண்ணைக்கு வந்தபோது நானே கேட்டுவிட்டேன்.

"சார், சட்டத்துல அஞ்சு ஈன்னா போட்டிருக்கு?"

"சட்டத்தில தொல்லை எண்டு மட்டும்தான் இருக்கு, தம்பி. எத்தினை ஈ வந்தால் தொல்லை எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. ஒரு மனுசன் இருந்து சோறு தின்ன ஏலாட்டி அது தொல்லை. வேற என்னத்தால அளக்கிறது, சொல்லும்?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தை வெட்டித் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டினார்கள். பண்ணை முதலில் வந்தது, வீடுகள் பிறகு வந்தன. அதை ஈக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வேலியை ஒட்டின முதல் வீட்டுக்குத் துணிக்கடை பாய் ஒருவர் குடி வந்தார். நல்ல மனிதர். வாரம் ஒரு புகார் எழுதுவார். எழுதிவிட்டு வேலி ஓரம் வந்து என்னிடமும் சொல்வார்.

"அண்ணே, இன்னிக்கும் ஒண்ணு எழுதிப் போட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"சரி பாய்."

"தேத்தண்ணியில மூணு ஈ, அண்ணே. வடிகட்டித்தான் குடிக்கிறோம்."

ஈ என்னுடையது. குடித்தது அவர்.

புகார் சேர்ந்தது. டிபன் சார் வந்து நின்றார். அன்று கேரியரைத் திறக்கவில்லை.

"வாற புதன்கிழமை சோதனை. ஆறு ஈ கண்டால் லைசென்ஸ் புதுப்பிக்க ஏலாது. கோழியளை இறைச்சிக்குக் குடுத்திட்டுக் கூட்டை மூட வேண்டியதுதான். முன்னமே சொல்லிப்போட்டன்."

நாலாயிரம் முட்டைக்கோழி. எனக்கும் என் மனைவி பாக்கியத்துக்கும் வேறு தொழில் தெரியாது. நான் கூட்டிப் பெருக்கினேன். கூட்டினால் ஈ போகாது, இடம் மாறி உட்காரும். பாக்கியம்தான் யோசித்தாள்.

"ஈ எங்க போவும்? நல்ல சாப்பாடு எங்க இருக்கோ அங்கதானே? சார் சொதியவிட நல்லதா நம்ம போட்டா அங்க போயிடும்லா."

எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. புதன்கிழமை காலையில் பாசாருக்குப் போய் ஒரு வாளி மீன் குடல் வாங்கி வந்தாள். கூடவே அழுகின பலாப்பழம் ஒன்று. எருக்குவியலுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று பண்ணையின் அந்தக் கோடியில் கொண்டுபோய்க் கொட்டினோம். பண்ணையின் அந்தக் கோடிதான் பாய் வீட்டின் இந்தக் கோடி. அது எங்களுக்குத் தோன்றவில்லை.

சார் வந்தார். ஐந்து எட்டு அளந்தார். உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. நோட்டில் ஒரு கோடு இல்லை. பாக்கியம் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். சாருக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

"தம்பி, என்ன மருந்து அடிச்சனீர்?"

"ஒண்ணும் அடிக்கல சார்."

"கோழிப் பண்ணையில ஒரு ஈயும் இல்லையெண்டால் நான் எப்பிடி நம்புறது? ஒண்டெண்டாலும் வரவேணும். எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

"யாருப்பா இங்க மீன் கொடலக் கொட்டினது? அண்ணே! அண்ணே! என் செவுத்த வந்து பாருங்க!"

போனோம். பாய் வீட்டுச் சுவர் வெள்ளை. அன்று கறுப்பு. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை புள்ளிச் சட்டையாகியிருந்தது. பாய் கையைத் தட்டினார். சட்டை ஒரு நொடி வெள்ளையானது. மறுபடி புள்ளி விழுந்தது. துணி வியாபாரத்தில் அவர் அப்படி ஒரு டிசைனைப் பார்த்திருக்க மாட்டார்.

சார் வாளியைப் பார்த்தார். பலாப்பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"நாந்தான் சார்," என்றாள் பாக்கியம். "நீங்க நிம்மதியா சாப்பிடட்டும்னு ஈங்களுக்கு இங்க பந்தி போட்டேன்."

சார் கையிலிருந்த நோட்டை மூடினார். லைசென்ஸ் போய்விட்டது என்றே நினைத்தேன். நாலாயிரம் கோழியும் ஒரே சமயத்தில் கத்துவது போல இருந்தது.

"அம்மா, உங்கட மூளை நல்ல மூளை," என்றார் கடைசியில். "வைச்ச இடம்தான் பிழை. இண்டைக்கு நான் சாப்பிட்டு முடிக்கேல்லை. அதால சோதனை நடக்கேல்லை. முப்பது நாள் தாறன்."

பாய்க்கு ஒரு வார்த்தை சொன்னார்: "நீங்கள் எழுதுறதை நிறுத்த வேண்டாம்." பாயும் நிறுத்தவில்லை.

மீன் குடலை நானே அள்ளிப் புதைத்தேன். சார் ஒரு குச்சியை எடுத்து எருக்குவியலைக் குத்தினார். "ஈரம். ஈரத்திலதான் புழு. புழுவிலதான் ஈ. தண்ணி எங்கயிருந்து வருது?"

"மழை சார்."

"மழை மேல நனைக்கும். இது அடியில நனைஞ்சு கிடக்கு."

சட்டென்று கூட்டுக்கு அடியில் புகுந்தார். அந்த வெள்ளைக் கால்சட்டையோடு, மல்லாக்கப் படுத்து. கூட்டுக்கு அடியில் என்ன விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "மூண்டாம் வரிசை, தண்ணித் தொட்டி ஒழுகுது. நாலாம் வரிசையும்." வெளியே வந்தபோது வெள்ளை என்பது காலரில் மட்டும் கொஞ்சம் இருந்தது. பாக்கியம் துணி துவைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அன்று பஸ்ஸில் அவருக்கு முன்னும் பின்னும் நாலு சீட் காலி என்று கண்டக்டர் பிறகு சொன்னார்.

முப்பது நாளும் வேலை. தொட்டிகளை அடைத்தேன். எருவுக்குத் தகரக் கூரை போட்டேன். தினமும் கிளறி மரத்தூள் தூவினேன். எரு காய்ந்து பொடியானது. ஈ குறைந்தது. குறைந்தது என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டியவர் அவர்.

முப்பதாம் நாள் சார் மூன்று நாற்காலியோடு வந்தார். ஒன்று அவருக்கு. ஒன்று எனக்கு. ஒன்று பாய்க்கு.

"புகார் எழுதினவரும் இருந்து சாப்பிடவேணும். எழுத வைச்சவரும் சாப்பிடவேணும்."

பாய் வீட்டிலிருந்து மீன் கறி கொண்டுவந்தார். சார் அதை எட்டிப் பார்த்தார். "மீனில இருக்கிற ஈ கணக்கில்லை. என்ர சாப்பாடுதான் கணக்கு."

"அந்தச் சட்டம் ஈக்குத் தெரியுமா சார்?" என்றார் பாய்.

சார் யோசித்தார். "ஓம். அதுவும் சரிதான். மீனையும் எண்ணுவம்."

எருக்குவியலுக்கு எதிரே மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் பத்து நிமிடத்தில் இரண்டு. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. பாக்கியம் கூட்டுக்குப் பின்னால் நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஐந்தாவது என் சோற்றில் உட்கார்ந்து போனது. அரை மணி முடிய இன்னும் மூன்று நிமிடம்.

பாயின் மீனில் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"சார், ஆறு!" என்றார் பாய்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஈ பறக்கவில்லை. அதுவும் அவரைப் பார்த்தது.

"இது முந்தி வந்த ஈ."

"ஈ மொகம் எப்படி சார் தெரியும்?"

"இருவது வருசமா ஒண்டா இருந்து சாப்பிடுறம். தெரியாமப் போகுமே?"

பாய் சிரித்தார். புரையேறும்வரை சிரித்தார். சார் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்து மூச்சு வந்ததும் பாய் சொன்னார்: "சரி சார். பழைய ஈதான். நானும் பார்த்த மாதிரி இருக்கு."

அது பழைய ஈயா, புது ஈயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சார் பொய் எழுதுகிறவர் இல்லை. அவ்வளவுதான் தெரியும்.

லைசென்ஸைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். சார் நேரே கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை, காலில் செருப்பு. முதலில் யாரோ என்று நினைத்தேன். மலாயில் அச்சடித்த தாளைக் கொடுத்தார். நான் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினேன். மலாய் எனக்குப் பேச வரும். வாசிக்க வராது. அதை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"மற்றப் பக்கம் பாரும்," என்றார்.

திருப்பினேன். லைசென்ஸில் இருந்த ஏழு நிபந்தனைகளையும் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார். பெரிய எழுத்து. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி. எருவை எத்தனை நாளுக்கு ஒரு தடவை அள்ள வேண்டும், எங்கே கொட்டக் கூடாது, எல்லாம். நான் எழுத்துக் கூட்டி முதல் வரியை வாசித்து முடிப்பதற்குள் அவர் கேட்டைத் தாண்டிவிட்டார்.

லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்ட வேண்டும் என்பது விதி. மாட்டினேன். சில வருடம் கழித்து அவர் இடத்துக்கு வந்த புது அதிகாரி அதன் முன்னால் நின்று, "என்ன அண்ணே, லைசென்ஸ் செவுத்தப் பார்த்துத் தொங்குது? திருப்பி மாட்டுங்க," என்றார்.

திருப்பி மாட்டினேன். அவர் கார் கேட்டைத் தாண்டியதும், பென்சில் எழுத்தை மறுபடி முன்பக்கம் வைத்தேன்.