நீ பறப்பதால் இங்கே மழை இல்லை

கம்பம்,
29 ஜூலை 1937

ரங்கூனில் வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆகாய விமானம் ஓட்டும் என் அருமை மகன் ராஜமணிக்கு, கம்பம் கடைவீதி ஜவுளிக்கடை பொன்னுராஜ் ஆகிய உன் தகப்பன், ஆண்டவருடைய ஆசீர்வாதத்தை வேண்டி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் கடையும் சுகம். உன் தாயார் கிருபாவதியும் உடம்பளவில் சுகமே. ஊர்தான் சுகமில்லை. அதற்கு நீதான் காரணம் என்று ஊர் சொல்கிறது. நான் சொல்லவில்லை.

போன மாதம் எழுதிய கடிதத்தில், "மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் முன்னால் ஒன்றும் தெரியாது, மேகம் மட்டும் இல்லையென்றால் இந்த வேலையில் பயமே கிடையாது" என்று பெருமையாக ஒரு வரி போட்டாயே, அந்த இடம் வந்ததும் உன் பேனாவில் மை தீர்ந்திருக்கக் கூடாதா? அன்றைக்குப் பிடித்தாள் உன் தாயார். விடிந்ததும் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, மேகமே வேண்டாம்" என்று ஜெபம். சோற்றுக்கு முன்னால் சோற்றுக்கு நன்றி சொல்வதை விட்டுவிட்டு அதே ஜெபம். இதுவோ ஆடி மாதம். பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காட்டுக்காரர்கள் சோளத்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் ஐயா மழைக்காக ஜெபம் பண்ணினார், சபை முழுவதும் ஆமென் சொன்னது, பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு குரல், "வேண்டாம் ஆண்டவரே!" என்று கணீரென்று கேட்டது. நான் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மேற்கு மலையில் ஏறி வந்த கருமேகம் அன்று மத்தியானமே கலைந்துபோனதை ஊரே பார்த்தது.

மறுநாள், நம் கடையில் வாடிக்கையாக வேட்டி எடுக்கிற சுருளியாண்டி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். துணி எடுக்கத்தான் என்று நானும் பாயை விரித்தேன்.

"மொதலாளி, நாங்க மாரியாத்தாளுக்குப் பொங்க வச்சு மழ கேட்டுட்டு வந்திருக்கோம். இங்கன ஒங்க வீட்டம்மா ஒங்க சாமிகிட்ட வேணாங்குறாக. நாங்க இழுக்க, அவுக தள்ள, சாமியெல்லாம் என்னதான் செய்யும்? கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லுங்க."

"அதென்ன வாய்க்கா மடையா சுருளியாண்டி, மண்ணப் போட்டு அடைக்க?"

"அப்ப தம்பிய வேலைய விட்டுட்டு வரச் சொல்லுங்க. சோளமாச்சும் பொழைக்கும்."

ரங்கூன் வேறு, கம்பம் வேறு, இந்த வானம் வேறு, அந்த வானம் வேறு என்று உன் தாயாருக்குப் புரியவைப்பதற்காக மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து தேசப்படத்தை இரவல் வாங்கி வந்து கூடத்தில் விரித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த புத்திசாலித்தனங்களில் இதற்கு ஈடு கிடையாது. இது நாம், இது நீ என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் கையை விரித்து அளந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு சாண்கூட இல்லையே! பிள்ள இம்புட்டுப் பக்கத்துலயா இருக்கான்?" என்றாள். அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தாள். அவளைத் திருத்த எனக்கும் மனம் வரவில்லை. மறுநாள் காலையில் யோசனையோடு வந்து உட்கார்ந்தாள். "ஒரு சாண் தூரத்துக்கு மேகம் போக எம்புட்டு நேரங்க ஆகும்?" என்று கேட்டாள். படத்தில் இருக்கிற தூரம் நிஜத் தூரம் இல்லை என்று சொன்னதற்கு, "நம்பக்கூடாத படத்த அப்ப எதுக்குக் காட்டுனீக?" என்கிறாள். சரி, ரங்கூனுக்கு மேலே மட்டும் மேகம் வேண்டாம் என்று கேள், கம்பத்தை விட்டுவிடு என்றேன். "அவன் ரங்கூன்லயேவா நிக்கிறான்? கடுதாசிக்குக் கடுதாசி புதுசா ஒரு ஊர எழுதுறான். நான் ஒரு ஊர மறந்து, அந்த ஊர்ல மேகம் வந்துட்டா?" இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

ஆகையால் இதைத் தந்தியாகவே நினைத்து, கண்டவுடன் வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறு. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்பாய். நீ கையெழுத்துப் போட்டபோது பர்மா நம் நாட்டோடு இருந்தது. ஏப்ரல் மாதம் தனியாகப் பிரித்துவிட்டார்கள். நாட்டையே பிரிக்கலாம், ஒப்பந்தத்தைப் பிரிக்கக் கூடாதா என்று துரையிடம் கேள். என் தாயார் ஜெபத்தால் ஊரில் மழை நிற்கிறது என்றும் சொல். அவரும் கோயிலுக்குப் போகிறவர்தானே, நம்புவார். இங்கே குமுளி மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு டிரைவர் தேடுகிறார்கள். அதுவும் மேகத்துக்குள்தான் போகிறது. ஆனால் பயமாக இருந்தால் நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்ளலாம். நீ பஸ் ஓட்டினால் உன் தாயார் நிம்மதியாகத் தூங்குவாள். நானும் தூங்குவேன். எனக்கும் பயம்தான் ஐயா. ஆண்பிள்ளை என்பதால் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவள் மேகம் வேண்டாம் என்னும்போது பக்கத்தில் நின்று மெதுவாக ஆமென் சொல்லிவிடுகிறேன். இது சுருளியாண்டிக்குத் தெரிய வேண்டாம்.

நீ மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் பொத்தி வைத்திருப்பாராக. உன் தாயார் முத்தம் சொல்லச் சொன்னாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தகப்பன்
பொன்னுராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. வேலையை விடாதே.

எழுதி முடித்துக் கவரில் போடும் நேரத்தில் சுருளியாண்டியின் மனைவி கருத்தம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து நான் உள்ளே ஒதுங்கிக்கொண்டேன். அவள், "அக்கா, தம்பிகிட்டயிருந்து கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டாள். பிறகு, "எங்க வீட்டு ஆளு கடையில பேசுனத மனசுல வச்சுக்கிராதீக. சோளம் போனா அடுத்த ஆடிக்கு வெதச்சுக்கிருவோம். பிள்ள அப்பிடியா? நீங்க கேக்குறத விடாமக் கேளுங்க" என்றாள். உன் தாயார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விளக்கு வைத்ததும் ஜெபத்துக்கு நின்றோம். "ஆண்டவரே, கருத்தம்மா காட்டுக்கு மழ குடும். எம் பிள்ளைய நீரே பாத்துக்கிரும்" என்றாள். நான் ஆமென் சொல்லாமல் விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டேன்.

இன்று காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. சுருளியாண்டி குடையில்லாமல் கடைவீதியில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறார். "அவன் ஆசப்பட்டுப் போன வேல. என் பயத்துக்காக விடச் சொல்லாதீக" என்று உன் தாயார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. இடி இடிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

இன்று ஜூலை முப்பதாம் தேதி. இது கிடைத்ததும் அவள் பெயருக்கு ஒரு கார்டு போடு. முப்பதாம் தேதி விமானம் கிளம்பவில்லை, நாள் முழுக்கத் தரையில்தான் இருந்தேன் என்று எழுது. பறந்திருந்தாலும் அப்படியே எழுது.