சம்பந்தி தந்த வெள்ளைச் சேவல்

செட்டியார்பட்டி,
18-8-1938.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி ராபர்ட் அவர்கள் சமுகத்துக்குத் தேவநேசன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் மனைவி அன்னத்தாயும் மகள் ரத்தினமும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மா கிருபாபாயும் சுகமாயிருப்பதோடு, நிச்சயத்தன்று ஆனி வெயிலிலும் மப்ளரைக் கழற்ற முடியாமல் இருந்த மாப்பிள்ளையின் தொண்டைக்கட்டும் குணமாகியிருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம்.

நிற்க. நிச்சயத்தன்று, "மூணு தலைமுறையாக் கலப்பில்ல, எங்க குடும்பம் மாதிரி" என்று சொல்லித் தாங்கள் கொடுத்த வெள்ளைச் சீமைச் சேவலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் கழுத்தை மூடிச் சம்பந்தியம்மா சுற்றிய சிவப்புப் பட்டுத் துணியை, "கல்யாணம் முடியிற வரைக்கும் அவுக்கப்படாது, கண்ணு படும்" என்றதால், பேன் பார்க்கும்போதுகூட நாங்கள் தொட்டதில்லை. அந்தச் சேவலை எங்கள் நாட்டுக் கோழிகளோடு விட்டோம். முட்டைகளைப் பஸ்ஸில் அனுப்பினேன். சேவல் வெள்ளையாயிருக்க முட்டை ஏன் பழுப்பு என்று கேட்டு எழுதினீர்கள். அன்றே எனக்குத் தூக்கம் போயிற்று. மீதி முட்டைகளை அடைவைத்தோம். பொரிந்த குஞ்சுகளில் பாதிக்குக் கழுத்து மொட்டை. நேற்று தங்கள் தங்கை ஏசம்மாள் வந்து பார்த்துவிட்டு, "என்ன மைனி, இதெல்லாம் எங்க சேவலுக்குப் பொறந்ததா? கோழியவே காக்கத் தெரியாத வீட்டுலயா பொண்ணெடுக்கோம்? அண்ணன்ட்டச் சொன்னா ஞாயித்துக்கெழம மூணாந்தடவ கல்யாண ஓலை வாசிக்கையில, தடை இருக்குன்னு கோயில்லயே எந்திரிச்சு நிப்பாவ" என்று சொல்லிப் போனாள். அதிலிருந்து இந்த வீட்டில் உலை ஏறவில்லை. ரத்தினம் அழுதபடி இருக்கிறாள்.

சம்பந்தி அவர்களே, கோழிகளை நாங்கள் பஞ்சாரத்தில் போட்டுத்தான் மூடுகிறோம். திறந்துவிட்டால் நானே கம்போடு கூடப் போகிறேன். தெருவில் கோழி வாத்தியார் என்றே பெயராகிவிட்டது. இந்த ஊரில் மொட்டைக் கழுத்துச் சேவல் வைத்திருந்தவள் வெள்ளைத்தாய் ஒருத்திதான். அவளிடம் போய்க் கேட்டேன். "வாத்தியாரய்யா, அத நீங்கதான கிறிஸ்மசுக்கு வாங்கித் தின்னீய? கொழம்புச் சட்டியிலருந்து எந்திரிச்சா வந்துச்சு?" என்றாள்.

இன்று காலை ராஜபாளையம் மாட்டு டாக்டர் சுயம்புலிங்கத்திடம் ஓடினேன். "முட்டை ஓட்டு நெறம் தாய்க்கோழி குடுக்கது. சேவல் எம்புட்டு வெள்ளையா இருந்தாலும் அந்த முட்டைக்கு வெள்ளையடிக்காது. அதோட பொட்டைக்குஞ்சு வளந்து முட்டையிடுதப்பத்தான் அது குணம் தெரியும்" என்றார். இது நமக்குச் சாதகம். ஆனால் அடுத்து, "கழுத்து மொட்டைன்னா தாய்க்கோ தகப்பனுக்கோ அது இருந்தே ஆகணும்" என்றார். தகப்பன் தாங்கள் தந்த சேவல். அதைச் சந்தேகித்தால் தங்களையே சந்தேகித்தது போலாகும். ஆகவே தாய்க்கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இறகு அடர்த்தியாக இருக்கிறது. கொத்து வாங்கி வலதுகை வீங்கிவிட்டதால் இடதுகையால் எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்தருளவும். தவறு எங்கள் பக்கந்தான் இருக்கும். எப்படி என்றுதான் தெரியவில்லை. கோழி செய்த குற்றத்தை என் பிள்ளை தலையில் ஏற்றாமல், ஞாயிறன்று தாங்கள் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

தங்கள் பதில் வரும்வரை சோறு இறங்காத,
தேவநேசன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அன்னத்தாய், "அம்புட்டுத் தாய் கழுத்தையும் பாத்திய, தகப்பன் கழுத்த யாரு பாத்தா?" என்று கேட்டுக்கொண்டே சேவல் கழுத்துப் பட்டுத் துணியை அவிழ்த்துவிட்டாள். உள்ளே ஒரு இறகு கிடையாது. மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். ஞாயிறன்று எழுந்து நிற்பதா என்று இப்போது யோசிப்பவன் நான். மாப்பிள்ளையைச் சனிக்கிழமை பஸ்ஸில், மப்ளர் இல்லாமல், ஒருமுறை இங்கே அனுப்பிவைக்கவும்.