கிளீவ்லாந்து வழியாகச் சிகாகோ

முன்னால் ஓடி இடம் பிடிக்கிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர் உண்டு. பின்னால் போய் இடம் பிடித்த ஒரே மகான் எங்கள் தங்கவயல் 'ரிவர்ஸ்' அண்ணன்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

தங்கச் சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், எங்களில் பாதிப் பேர் பெங்களூர் வேலைக்கு சீசன் பாஸ் வாங்கிவிட்டோம். காலை ரயில் மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, ஊரிகம் தாண்டி எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வரும்போதே கால் வைக்க இடமிருக்காது. ரிவர்ஸ் என்ன செய்வார் என்றால், அதே ரயில் காலியாக மாரிக்குப்பத்துக்குப் போகிறபோதே ஏறி உட்கார்ந்துவிடுவார். போய்த் திரும்பி வருவார். நாங்கள் கதவில் முண்டியடிக்கும்போது ஜன்னலோரத்தில் பன் தின்றுகொண்டே, "இன்னாபா, நிக்கறீங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பார். அந்த விசாரிப்புக்காகவே அவரை நாலு சாத்து சாத்தலாம் என்று இருக்கும்.

ரயிலோடு நின்றால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் பாயசத்தை முதலில் கேட்பார். "கடைசில ஊத்துவாங்க, அப்ப வவுத்துல எடம் எங்க கீது?" என்பது அவர் நியாயம். சினிமாக் கொட்டகையில் ஆட்டம் விட்டு ஜனம் வெளியே வரும் வாசல் வழியாக உள்ளே போவார். நூறு பேர் எதிரே வர, "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று இவர் நீந்திப் போவதைப் பார்க்கவே தனியாக டிக்கெட் போடலாம்.

இப்பேர்ப்பட்டவரிடம் அமெரிக்கப் பயணத்துக்கு யோசனை கேட்டார் சரோஜாக்கா.

சரோஜாக்கா எங்கள் பக்கத்து லைன் வீட்டுக்காரர். புருஷன் காலமானபின் தனியாக நின்று இரண்டு பிள்ளைகளையும் இன்ஜினீயர் ஆக்கியவர். மகன் சேகர் சிகாகோவில். மகள் மாலா கிளீவ்லாந்தில். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விமானம், அவ்வளவுதான். ஆனால் மாலா தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டதிலிருந்து அண்ணன் தங்கையோடு பேசுவதில்லை. அம்மாவையும் பேச விடவில்லை. ஆறு வருஷம். மாலாவின் ஒரு வயசுக் குழந்தையை, தன் பேத்தியை, அக்கா போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

சேகர் அம்மாவைக் கூப்பிட்டதும் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னோம். முதலில் மகன் வீட்டுக்குப் போங்க, நல்ல வார்த்தை சொல்லி அவனைக் கரைங்க, பிறகு அங்கிருந்து கிளீவ்லாந்துக்கு ஒரு பிளேன் பிடிங்க.

"அவன் முடியாதுன்னுட்டா இன்னா பண்றது?" என்றார் அக்கா.

ரிவர்ஸ் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை விரித்து வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"மொதல்ல பொண்ணு வூட்டுக்குப் போங்க. அங்கேர்ந்து புள்ள வூட்டுக்கு வாங்க."

"அவன் கோச்சுக்குவானே, தம்பி."

"புள்ள வூட்டுக்கு மொதல்ல போனா நீங்க நிக்கற பாசஞ்சரு, அக்கா. அவன் எடம் வுட்டாதான் உக்கார முடியும். பொண்ணு வூட்லேர்ந்து வந்தீங்கன்னா ஏற்கெனவே உக்காந்தாச்சு. உக்காந்தவங்கள எவன் எழுப்புவான்?"

அட்டகாசமான கிறுக்குத்தனம் என்று நினைத்தேன். அக்காவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிக்கெட்ட நம்மளே எடுத்துடலாம்" என்றார்.

டிக்கெட் எடுக்க ரிவர்ஸோடு பெங்களூர் டிராவல் ஏஜென்சிக்குப் போன பாவி நான்தான். நியூயார்க்கில் இறங்கி கிளீவ்லாந்து போகும்வரை தகராறு இல்லை. கிளீவ்லாந்து சிகாகோ என்றதும் ஆரம்பித்தார்.

"இந்தப் பிளேன் கிளீவ்லாந்துலயே பொறப்படுதாம்மா? இல்ல, வேற எங்கேர்ந்தாவது கூட்டத்த ஏத்திக்கினு வருதா?"

"சீட் நம்பர் இருக்கும் சார்," என்றது கவுன்ட்டரில் இருந்த பெண்.

"நம்பர் இருக்கும். சீட்டுல ஆள் இருப்பான் இல்ல?"

ஐயோ பாவம், அந்தப் பெண் சிரித்துச் சமாளித்தது. பிறகு நேரம் சொன்னது. காலை எட்டுக்குக் கிளம்பினால் எட்டே காலுக்குச் சிகாகோ. சிகாகோவிலிருந்து கிளீவ்லாந்துக்கு வந்தால் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரிவர்ஸ் என்னை ஓரமாக இழுத்துப்போய், "சிகாகோ பள்ளத்துல கீதுன்னு நெனைக்கறேன். எறக்கத்துல சர்ருனு போய்டுது" என்றார். இரண்டு ஊருக்கும் கடிகாரமே ஒரு மணி நேரம் வித்தியாசம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்தான் வேண்டும் என்று நின்றார். அன்றைக்கு ஆபீஸ் இருக்கிறது என்று சேகர் சொல்ல முடியாதாம்.

அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் இரண்டு டிக்கெட் போடச் சொன்னார். அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"எனக்கு எதுக்கு ரெண்டு சீட்டு?"

"ஒண்ணு மாலாவுக்கு. பாப்பா மடியில வந்துடும்," என்றார் ரிவர்ஸ். அக்கா இரண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

சேகரிடம் போனில் விஷயத்தைச் சொன்னதும் அவன் வெடித்துவிட்டான். அவளோடு வந்தால் ஏர்போர்ட்டுக்கு வரவே மாட்டேன் என்று வைத்துவிட்டான். அக்கா அழுதுகொண்டே ரிவர்ஸ் வீட்டுக்கு வந்தார்.

"வரலைனா வுடுங்க. சாயங்காலமே பொண்ணு வூட்டுக்குத் திரும்பிடுங்க. பேத்திய பாத்தாச்சு இல்ல? அத எவன் புடுங்க முடியும்?" என்றார் ரிவர்ஸ். குரல் என்னமோ தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா விமானம் ஏறிய நாளிலிருந்து மனுஷன் ரயிலில் எங்களோடு நின்றுகொண்டு வந்தார். கேட்டால், "உக்கார முடியலபா" என்றார். நாங்களும் கேலி செய்வதை நிறுத்திவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டை எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்தோம். அக்கா அங்கேதான் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். யார் போன் பேச வந்தாலும் ரிவர்ஸ், "லைன் ரிப்பேர்" என்று திருப்பி அனுப்பினார். பூத்காரன் தலையில் அடித்துக்கொண்டான். விமானம் இறங்கியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. போன் அடிக்கவில்லை. "நான்தான் அந்தம்மாவ கெடுத்துட்டேனா?" என்று என்னைக் கேட்டார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

கடைசியில் போன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைக்க, நானும் ஒட்டிக்கொண்டேன். அக்கா இல்லை, சேகர்.

"ரிவர்ஸ் அண்ணனா? அம்மா குளிக்குது. நான் வெள்ளன போய் ஏர்போர்ட்ல நின்னுட்டேன்ண்ணே. பாப்பா யாருனு தெரியாமயே எங்கிட்ட வந்துடுச்சு."

நாள் முழுக்கப் பேசக்கூடிய ரிவர்ஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தங்கச்சி சாப்ட்டாளா?"

சிகாகோவிலிருந்து அசல் கோரமண்டல் பாஷை வந்தது. "தோசை ஊத்திக்கினு கீறேண்ணே. மூணாவது போவுது."

ரிவர்ஸ் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த நிமிஷம் எவனாவது அவரைக் கிறுக்கன் என்று சொல்லியிருந்தால், சத்தியமாக அடித்திருப்பேன்.