நடு மாடிச் சமாதானம்

இரண்டு வீட்டுச் சண்டையைத் தீர்த்தே விடுவது என்று முடிவெடுத்தேன். உலக நன்மைக்காக அல்ல, என் தூக்கத்துக்காக.

எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை. ஊரே எழுந்திருக்கும்போது ஒருத்தன் மட்டும் படுப்பதில் ஒரு தனிமை இருக்கிறது. அதையும் அனுபவிக்க விடமாட்டார்கள். நாங்கள் நடு மாடி. மேலே தையல்கார அக்கா, கீழே ரிட்டையர்டான கண்டக்டர், தனிக்கட்டை. அக்கா ஜன்னலில் காயப்போடும் துணி கண்டக்டர் ஸ்கூட்டர் சீட்டில் சொட்டும். அவர் கோபத்தில் தண்ணி மோட்டாரை அணைப்பார். தண்ணி தாமதமாக வரும். அக்கா தாமதமாகத் துவைப்பார். கண்டக்டர் வண்டி எடுக்கும் நேரத்துக்குச் சரியாகச் சொட்டும். மறுபடி மோட்டார். நடுவில் என் தலைக்கு மேலும் கீழும் வசவு.

வேலை நேரத்தில் நானாகப் படித்த ஞானத்தையெல்லாம் கூட்டி, காலண்டர் தாளின் பின்பக்கம் அம்புக்குறியாகப் போட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இதுல யாருங்க தப்பு?”

“யாரும் இல்ல. ஒண்ணு இன்னொண்ணைக் கிளப்புது, அது திரும்பி வந்து இதைக் கிளப்புது. பக்கத்துப் பக்கத்து நாடுங்களே இப்படித்தான் மாட்டிக்குது. ஆளைத் திட்டிப் பிரயோஜனமில்ல. மொத்தமாப் பாக்கணும்.”

“பாத்து?”

“எங்க லேசாத் தொட்டா எல்லாம் மாறுமோ, அந்த இடத்தைக் கண்டுபிடிக்கணும்.”

“சீக்கிரம் கண்டுபிடிங்க. நீங்க தூங்குறீங்கன்னு பகல் முழுக்க ஊமையா இருக்கேன். கரண்டியைக்கூடக் கெஞ்சிக் கெஞ்சித்தான் வைக்கிறேன்.” தாளைத் திருப்பிப் பார்த்தாள். “நம்ம வீட்டுக்கு மட்டும்தானே பின்பக்கம் பால்கனி இருக்கு? அக்கா அங்க காயப்போட்டா யார் மேல சொட்டப்போகுது?”

அசந்துபோனேன். “எப்படித் தோணுச்சு உனக்கு?”

“எல்லாம் நீங்க போட்ட படந்தாங்க.”

அந்த ஒரு வார்த்தையில் கவிழ்ந்தேன். மேலும் கீழும் நானே போய்ப் பேசி முடித்தேன்.

மறுநாள் மோட்டார் காலையிலேயே ஓடியது. வசவு இல்லை. நிம்மதியாகக் கண்ணை மூடினேன். ஈரத்துணி ஒன்று முகத்தில் உரசியது.

“நீங்க தூங்குங்க தம்பி, ஓரமாப் போயிக்கிறேன்” என்றார் அக்கா, வாளியோடு. பால்கனிக்கு வழி என் படுக்கையறைதான் என்பதைப் படத்தில் போட மறந்திருந்தேன்.

பின்னாலேயே கண்டக்டர். “நல்லாப் பிழிஞ்சிருக்காங்களான்னு பாக்க வந்தேன். உள்ள இடம் இருக்கு தம்பி, கொஞ்சம் தள்ளிப் படுங்க.”

அதன்பின் தினமும் அப்படித்தான். அக்கா பட்டன் தைக்கும் வேலையை எங்கள் ஹாலுக்கே கொண்டுவந்தார். கண்டக்டர் பஸ் கதை சொன்னார். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. அதை நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை.

“சண்டை தீர்ந்துச்சு, சரி” என்றேன் மெதுவாக. “நான் எங்க தூங்குறது?”

அவள் ஒரு சாவியை நீட்டினாள்.

“கண்டக்டர் அண்ணன் வீட்லதாங்க. அவர்தான் பகல் முழுக்க இங்க இருக்காரே, அங்க ஒரு சத்தம் இருக்காது. உங்க தலைகாணியை அப்பவே கீழ கொடுத்தனுப்பிட்டேன்.”