நாற்பத்தெட்டு நாள் வண்டி

திருடன் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று தெரிந்ததும் ஹரிராமுக்குப் பயத்தைவிட அவமானம்தான் அதிகமாக வந்தது.

பாட்டுப் பெட்டி இருந்தது. கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த கூலிங் கிளாஸ் இருந்தது. வண்டி துடைக்கப் பின்சீட்டில் போட்டு வைத்திருந்த பழைய பூந்துண்டு மட்டும் இல்லை. அதற்காக ஒருவன் இடது பக்கப் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து, சீட்டு முழுக்கக் கற்கண்டு மாதிரி கொட்டிவிட்டுப் போவானா? சீட்டு வேறு நசநசவென்று ஈரம். பனி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கார் நின்றது ஒத்தக்கடையில் அவர் குடியிருக்கும் தெருமுனையில், பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில். வாடகை வீட்டில் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை. பிள்ளையாரே காவல் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அங்கே நிறுத்தி வந்தார்.

"யாராச்சும் வண்டிகிட்ட வந்தாங்களாம்மா?" என்று கோயில் வாசலில் பூக்கடை போட்டிருக்கும் முத்துமீனாவிடம் கேட்டார்.

"நான் குனிஞ்சு பூக் கட்டிக்கிட்டு இருந்தேண்ணே. நிமிந்தே பாக்கல."

"கண்ணாடி ஒடையிற சத்தம்கூடவா கேக்கல?"

"கோயில் மணிச் சத்தம்ணே. ஒண்ணும் வெளங்கல," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

ஹரிராம் விரல்விட்டு எண்ணினார். இன்றைக்கு நாற்பத்தொன்றாவது நாள். இன்னும் ஏழே ஏழு நாள். அடப் பாவி, ஒரு வாரம் கழித்துத் திருட வந்திருக்கக் கூடாதா!

விஷயம் இதுதான். ஹரிராம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் லேப் அசிஸ்டெண்ட். ஐம்பது வயதில் பழைய கார் ஒன்றை வாங்கினார். தனக்காக அல்ல. மனைவி ரங்கநாயகிக்கு முழங்காலில் வலி. கீழவாசலில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வாரம் இரண்டு முறை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவாள். வந்ததும் காலை நீட்டிக்கொண்டு முகத்தைச் சுளிப்பாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அந்த ஒன்றுமில்லையைக் கேட்டுக் கேட்டு ஹரிராமுக்கு மனசு ஆறவில்லை. அவளை முன்சீட்டில் உட்காரவைத்து மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு ரவுண்டு வர வேண்டும். இந்த ஆயுளில் அவருக்கு வேறு பெரிய ஆசை கிடையாது.

ஆனால் ஜோசியர் ஒருவர் உனக்கு வாகன யோகமே இல்லை என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார். சொன்னபடியே இரண்டு சைக்கிள் தொலைந்தன. ஸ்கூட்டரை வைகைக்குள் நிறுத்திவிட்டு எள்ளுருண்டை வாங்கப் போன நேரம் பார்த்து ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்த ரங்கநாயகி கார் வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டாள். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். நமக்காக இங்கே தமிழில்.

"ஒரு மண்டலம் பாப்போம். நாப்பத்தெட்டு நாள். அதுக்குள்ள வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நமக்கு ஒத்து வரலைன்னு அர்த்தம். பேசாம வித்துரணும். ஒண்ணும் ஆகலைன்னா நாப்பத்தொம்பதாவது நாள் நானே வந்து முன்சீட்டுல உக்காருறேன்."

கீறலுக்கே விற்க வேண்டும். இங்கே கண்ணாடியே காணோம்.

ஹரிராம் ஒரு பாலிதீன் தாளை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு கல்லூரிக்கு ஓட்டினார். வண்டி வேகம் எடுத்ததும் அந்தத் தாள் பந்தல் கிழிந்தது போலப் படபடவென்று அடித்துக்கொண்டது. அதுவரை இந்தக் காரைச் சீந்தாத ஜனமெல்லாம் இன்றைக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

கல்லூரி பஸ் டிரைவர் ஜெயபாண்டி வாடிப்பட்டிக்காரர். ஹரிராமுக்கு உயிர்த்தோழர். கதையைக் கேட்டதும் தொடையைத் தட்டினார்.

"இதுக்குப் போயி ஏன் மாப்ள மூஞ்சியத் தொங்கப் போடுற? எங்க ஊர்ல பழைய கார் சாமான் கடை இருக்கு. நாளைக்குக் காலைல கண்ணாடியோட வாரேன். தங்கச்சிக்குத் தெரியவே தெரியாது."

"இடது பக்கம் பின்கதவு. மறந்துராத."

"இருவது வருசமா பஸ் ஓட்டுறேன். எனக்கே இடது வலது சொல்லித் தாரியா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த ஹரிராமுக்குப் பூரி வாசனை அடித்தது. செவ்வாய்க்கிழமையில் பூரி! கூடவே உருளைக்கிழங்கு மசால். ரங்கநாயகி கேட்காமலேயே இன்னொன்று வைத்தாள்.

"வண்டியக் காலேஜ்லயே நெழல்ல நிறுத்திட்டு வந்துட்டேன்," என்றார் ஹரிராம், தட்டைப் பார்த்தபடி.

"ரொம்ப நல்ல வேலை பண்ணுனீங்க. அங்கயே இருக்கட்டும்," என்றாள் அவள், சட்டியைப் பார்த்தபடி.

தினமும் "இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்பவள் அன்றைக்குக் கேட்கவில்லை. ஹரிராம் நாலாவது பூரியைப் பாதியில் வைத்தார். ஏதோ மோப்பம் பிடித்துவிட்டாள். தானாக வாயைத் திறக்கட்டும் என்று பூரி போட்டுப் பார்க்கிறாள்.

புதன்கிழமை ஜெயபாண்டி கண்ணாடியை ஒரு வேட்டியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்தார். கல்லூரிக்கு எதிரே ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் மொக்கைச்சாமி கதவின் உள்பக்க அட்டையைப் பிடுங்கிக் கழற்றினார். கழற்றிய வேகத்தில் கிளிப்புகள் நாலு திசையில் பறந்தன. உள்பக்கக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் கண்ணாடியை வைத்துப் பார்த்து, எடுத்துப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, இது வலது பக்கக் கண்ணாடி."

ஹரிராம் திரும்பி ஜெயபாண்டியைப் பார்த்தார்.

"கடையில ஒரு வண்டி நின்னுச்சு. எதுத்தாப்புல நின்னு பாத்து இடதுன்னு சொன்னேன் மாப்ள," என்றார் ஜெயபாண்டி, கொஞ்சம்கூடக் கூசாமல்.

"திருப்பிப் போட்டுப் பாருங்களேன்," என்று ஹரிராம் கெஞ்சினார்.

"திருப்பிப் போட்டா வளைவு உள்பக்கமா நிக்கும்ணே. கதவ மூடுனதும் மறுபடி ஒடையும். அப்பறம் திருடனே தேவையில்ல."

வியாழக்கிழமை சரியான பக்கத்துக் கண்ணாடி வந்தது. அச்சாகப் பொருந்தியது. ஒரே ஒரு குறைதான். யாரோ ஒட்டிய ஸ்டிக்கரோடு அது கன்னங்கரேலென்று இருந்தது. மூன்று கண்ணாடி வெள்ளை, ஒன்று மட்டும் கறுப்பு. கார் ஒற்றைக் கண் மூடி யாரையோ பார்த்துக் கண்ணடிப்பது போலிருந்தது.

"ஸ்டிக்கர உரிச்சுருவோம்," என்றார் ஹரிராம்.

"உரிச்சா பசை நிக்கும். ஒண்ணு மட்டும் கறுப்பா இருந்தாத்தான மாப்ள சந்தேகம் வரும்? எல்லாத்தையும் கறுப்பாக்கிரு. வெயிலுக்காக ஒட்டுனேன்னு சொல்லு. தன் மேல ஒனக்கு எம்புட்டு அக்கறைன்னு தங்கச்சி நெகிழ்ந்து போயிரும்."

அந்த நெகிழ்ச்சி என்ற வார்த்தையில் ஹரிராம் விழுந்துவிட்டார். டவுனுக்குப் போய் மற்ற மூன்றுக்கும் கறுப்பு ஒட்டிக்கொண்டு, கம்பீரமாகத் திரும்பினார். மாட்டுத்தாவணி சிக்னலில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார்.

"எறங்குங்க சார். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டக் கூடாதுன்னு தெரியாதா? உள்ள யார மறைக்கிறீங்க?"

"யாரும் இல்ல சார். பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னுதான்..."

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தலை, நெற்றியில் நாமம், சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடி.

"இந்த வயசுல ஒங்களுக்கு இது தேவையா சார்?"

"ஐயோ, அது இல்ல சார்!" என்று ஹரிராம் அலறினார். பூந்துண்டில் ஆரம்பித்து வாகன யோகம் வரைக்கும் சொன்னார். காவலர் ஒரு சிக்னல் சிவப்பாகிப் பச்சையாகி மறுபடி சிவப்பாகும்வரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் இங்கேயே உரியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நடுவெயிலில் ரோட்டோரம் நின்று ஹரிராம் நகத்தாலும் சாவியாலும் உரித்தார். பாதி வந்தது, பாதி வரவில்லை. நாலு கண்ணாடியிலும் பசை திட்டுத்திட்டாக நின்றது. கல்லூரிக்கு வந்ததும் ஜெயபாண்டி, பெயிண்ட் கடைத் தின்னர் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்றார். போய்விட்டது. பசையோடு சேர்ந்து கண்ணாடிக்குக் கீழே கதவில் இருந்த பெயிண்டும் போய்விட்டது. அம்மை போட்டு எழுந்த பிள்ளை மாதிரி நின்ற வண்டியை ஹரிராம் ரொம்ப நேரம் பார்த்தார்.

"தூரத்துல இருந்து பாத்தா தெரியல மாப்ள," என்றார் ஜெயபாண்டி.

"எம்புட்டு தூரத்துல இருந்து?"

"வாடிப்பட்டியில இருந்து பாத்தா தெரியாது," என்று ஜெயபாண்டி உண்மையைச் சொன்னார்.

அன்று வீட்டில் ரங்கநாயகி கேசரி கிண்டியிருந்தாள். முந்திரி தாராளமாக இருந்தது. மூன்று நாளாக வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது ஹரிராமுக்கு.

"நாளைக்கு அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நான் பஸ்லயே போய்க்கிறேன். நீங்க வண்டிய எடுக்க வேண்டாம்," என்றாள் அவள்.

சொல்லிவிட்டு எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஹரிராம் கேசரித் தட்டைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. இவளுக்காக வாங்கிய வண்டியை இவளுக்கே தெரியாமல் ஒளித்து வைத்துக்கொண்டு, இவளைப் பஸ்ஸில் தொங்கவிடுவதா? இதற்கு வண்டியே இல்லாமல் இருந்திருக்கலாம். ஜெயபாண்டியிடம் இரவல் வாங்கி வைத்திருந்த பைக்கில் கல்லூரிக்குப் பறந்து, காரை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தார்.

பஸ் ஸ்டாப் பிள்ளையார் கோயிலை ஒட்டித்தான். ரங்கநாயகி ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தாள். கார் வந்து நின்றதும் அவள் முகம் வெளுத்தது. பசைத் திட்டு, பெயிண்ட் போன கதவு, உள்ளே கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஹரிராம் இறங்கினார். இருந்த பதற்றத்தில் சௌராஷ்டிரம் மறந்துபோய்த் தமிழிலேயே கொட்டித் தீர்த்தார். கோயில் வாசலில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"ரங்கா, ஒங்கிட்ட மறைச்சுட்டேன். செவ்வாக்கெழமையே எவனோ கண்ணாடிய ஒடச்சுட்டான். ஏழு நாள் சமாளிச்சா நீ முன்சீட்டுல உக்காருவன்னு நெனச்சேன். சரி பண்ணப் போயி, பண்ணப் போயி, இந்தக் கதியாக்கிட்டேன். ஜோசியர் சொன்னது சரிதான். எனக்கு ராசியில்ல."

ரங்கநாயகி வாயைத் திறந்தாள். அதற்குள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அழாத. நீ சொன்னபடியே செஞ்சுருவோம். இன்னைக்கே வித்துரலாம். தரகருக்குப் போன் போடுறேன்."

"வேண்டாங்க..." என்றாள் அவள்.

"வேண்டாம்னு சொல்லாத. சொன்ன சொல்லுன்னா சொல்லுதான். எம் மேல கோவம்னா நாலு வார்த்தை திட்டிரு. இப்பிடி நிக்காத. எனக்குத் தாங்கல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. ஹரிராம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தரகர் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

பூக்கடையில் முத்துமீனா கட்டிக்கொண்டிருந்த சரத்தைத் தட்டில் தொப்பென்று போட்டுவிட்டு எழுந்தாள்.

"போன கீழ வைங்கண்ணே! சத்தியத்த மீறுனதுக்குச் சாமி என்னய மன்னிக்கட்டும், உங்க வண்டிக்கு ஒரு கொறையும் வரக் கூடாதுன்னு இந்த அக்கா நாப்பது நாளா நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி இங்க வந்து செதறு தேங்கா விடுது, செவ்வாக்கெழமை ஒருநா கை வழுக்கி அந்தத் தேங்கா உங்க கண்ணாடிக்குள்ள போயி, ஒடஞ்ச தேங்காய உங்க துண்டுலயே சுத்தி எடுத்துட்டுப் போனதுக்கா வண்டிய விப்பீக?"