ஆளில்லாத விலாசம்

ராஜபாளையத்தில் இல்லாத இடத்துக்கு விலாசம் எழுதியே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் நேம்ஸ்பேஸ் அண்ணாச்சிதான். வேறு தொழிலில் இருந்திருந்தால் பிடித்து உள்ளே தள்ளியிருப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஆர்டர் அனுப்பிக்கொள்ள புரோகிராம் எழுதுவது வேலை. ஒரு கம்பெனி 'பெயர்' என்று அனுப்புவது துணியின் பெயர். இன்னொன்று அனுப்புவது முதலாளியின் பெயர். இரண்டும் கலந்துவிட்டால் முதலாளியை மீட்டர் கணக்கில் பில் போட்டு அனுப்பிவிடும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு இனிஷியல் சேர்த்து, அந்த இனிஷியல் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை நேம்ஸ்பேஸ் என்கிற, வெப்சைட் விலாசம் போன்ற நீளப் பெயரால் எழுதிவைக்க வேண்டும். அதே பெயரை உலகத்தில் வேறு யாரும் வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விலாச வேஷம். அங்கே போய்ப் பார்த்தால் பக்கம் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

எங்களுக்கு இது வேலை. அண்ணாச்சிக்கு மதம். மெஸ்ஸில் யாராவது "முருகா" என்று கூப்பிட்டால் எச்சில் கையோடு எழுந்துவிடுவார்.

"ஏலே, எந்த முருகன்? மெஸ் முருகனா, லாண்டரி முருகனா? முன்னால போட்டுக் கூப்பிடுலே!"

சாம்பார் சரியில்லை என்று முனகினாலும் விடமாட்டார். "வீட்டுச் சாம்பாரு வேற, மெஸ் சாம்பாரு வேற. பேரு ஒண்ணா இருக்குன்னு ரெண்டையும் சேத்துப் பேசலாமாலே?" இந்தத் தீர்ப்புக்காகவே மெஸ்காரர் அவருக்கு மட்டும் அப்பளம் கூடுதலாக வைப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் செல்வி, டீச்சர். பார்த்துவிட்டு வந்த அண்ணாச்சி, அந்த வாரம் முழுக்க எல்லா முருகனையும் வெறும் முருகா என்றே கூப்பிட்டார். ஆள் விழுந்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரிந்துபோனது.

வில்லங்கம் பெண்ணின் அப்பா வடிவில் வந்தது. போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் பெருமையாகத் தான் உருவாக்கிய விலாசம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏட்டு விசாரிக்காமல் விடுவாரா? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து துப்புத் துலக்கிவிட்டு, நேராக எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"தம்பி, நீங்க குடுத்த விலாசத்துக்குப் போனேன். அங்கன ஒண்ணுமே இல்ல."

"ஆமா மாமா, இருக்காது."

"இருக்காதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தீகளா?"

"அது விலாசம் இல்ல மாமா. பேரு."

"எங்க ஸ்டேசன்ல இதுக்கு வேற பேரு சொல்லுவோம்" என்று சொல்லிவிட்டு ஏட்டு படியிறங்கினார்.

அண்ணாச்சியைச் சூழ்ந்துகொண்டோம். "அந்த விலாசத்துல ஒரு பக்கத்தப் போட்டு விடுங்க அண்ணாச்சி. ஒரு ரோசாப்பூ, ஒரு நல்வரவு. அம்புட்டுதான்."

"பேருக்கு எதுக்குலே வீடு? கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

சாயங்காலம் வரை கொள்கை இருந்தது. பிறகு எங்களுக்குத் தெரியாமல் திரையை மறைத்துக்கொண்டு ஏதோ தட்டினார். எட்டிப் பார்த்தோம். ரோஜாவும் இல்லை, நல்வரவும் இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக இரண்டே வரி: "மாமா, இங்கே பார்க்க ஒன்றுமில்லை. செல்வியை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்."

மறுவாரம் ஏட்டு, பிரவுசிங் சென்டரில் இன்னொரு தடவை துப்புத் துலக்கிவிட்டு, மறுபடி வந்தார்.

"இப்ப ஆளு இருக்கு. அன்னைக்கு ஏன் இல்ல?"

அண்ணாச்சி விளக்க ஆரம்பித்தால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும்.

"பூட்டியிருந்துச்சு மாமா. ஊருக்குப் போயிருந்தேன்."

"அத அப்பவே சொல்ல வேண்டியதுதான மாப்ள!" என்று ஏட்டு சிரித்தார்.

அண்ணாச்சி எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. கொள்கையைக் கைவிட்டதற்காகக் கல்யாணம் முடியும்வரை அவரை ஓட்டித் தீர்த்தோம். ஆனால் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.